திரை நீக்கும் ஊசியும் உயிரின் நிலையும்

நரை, திரை, மூப்பு என்னும் மூன்றனுள் நரையை மறைக்கும் வழியினை மக்கள் பண்டே கண்டனர். மூப்பை விலக்கும் வழியை இன்றும் ஒருவரும் கண்டிலர். இடைநின்ற திரை, அஃதாவது தோற்சுருக்கம், எண்ணெயும் மஞ்சளும் பூசி ஆற்றிக்கொள்ளும் அளவில் நெடுங்காலம் நின்றது. இக்காலத்து மருத்துவரோ அதனையும் ஊசியாற் போக்குவம் என்று முன்வந்துள்ளனர். சைவநெறி நிற்பார் இதனை ஏற்றல் தகுமா, தகாதா என்று அன்பர் சிலர் எம்மை வினவினர். வினா சிறிதுபோலத் தோன்றினும், உடற்கும் உயிர்க்கும் உள்ள இயைபைத் தொடுதலின் ஆராயத்தக்கதேயாம்.

பொருளின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும். அறியாது புகழ்தலும் இகழ்தலும் வழக்காடுவார்க்கு அழகன்று. ‘ஸ்கின் பூஸ்டர்’ என்று வழங்கும் இம்மருந்துகளிற் பெரும்பாலானவற்றின் முதற்பொருள் ஹயலுரோனிக் அமிலம் என்பது. 1934-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தினரான கார்ல் மேயர், ஜான் பாமர் என்னும் இருவர், மாட்டின் விழியுள் நிறைந்து கிடக்கும் பளிங்கனைய குழம்பினின்றும் இதனைப் பிரித்தெடுத்தனர். பெயரின் முற்பகுதியும் கண்ணாடி எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாக வந்ததே. இஃது உடற்கு அயலான பொருளன்று. 70 கிலோ எடையுடைய ஒருவர் உடலில் ஏறத்தாழ 15 கிராம் அளவினதாக இயல்பிலேயே உள்ளது. அதிற் பாதி தோலின்கண் இருப்பது. நீரைப் பற்றி நிறுத்துதல் இதன் தொழில். நாடோறும் இதனில் மூன்றிலொரு பங்கினை உடம்பு தானே அழித்துத் தானே புதிதாக ஆக்கிக்கொள்ளும் என்பர். நாம் உண்டும் உறங்கியும் கிடக்கும் பொழுதும் நம் தோலினுள்ளே ஆக்கமும் அழிவும் ஓயாது நிகழ்கின்றன என்பது நினைந்து நினைந்து வியக்கற்பாலது.

இங்ஙனம் விரைந்து அழிதலின், ஊசியாற் செலுத்துங் குழம்பினை வேதிப் பிணைப்பால் இறுக்கி வைக்கின்றனர். இறுக்கம் மிகுந்த குழம்பு பள்ளத்தை நிரப்பி முகத்தின் உருவையே மாற்றும். மென்மையான குழம்போ உருவை மாற்றாது, தோலடுக்கிற் பரவி ஈரத்தையும் மழமழப்பையும் தருவதாம். ஈண்டு யாம் ஆராய்வது பின்னதனையே. கன்னம், கழுத்து, புறங்கை இவற்றிற் பல புள்ளிகளில் நுண்ணிய ஊசியால் துளிதுளியாகச் செலுத்துவர். ஒரு திங்கள் இடையிட்டு இரண்டு மூன்று முறை செய்து, பின்னரும் அவ்வப்போது புதுப்பிப்பர். அமெரிக்க நாட்டு உணவு மருந்து ஆணையம் ‘ஸ்கின்வைவ்’ என்னும் இவ்வகை மருந்தொன்றினை 21 ஆண்டு கடந்தோரின் கன்னத்தோல் மழமழப்பிற்கென 2023-ஆம் ஆண்டு மே திங்களில் ஏற்றது. அதன் பயன் ஆறு திங்கள் நிற்குமாம். இளமை நிலையாமையை உரைத்த நம் முன்னோர் அதற்குத் தவணை குறித்திலர். மருத்துவர் குறித்துவிட்டனர்.

குற்றமும் கூறல்வேண்டும். குத்திய இடம் சிவத்தலும் வீங்கலும் கன்றலும் பெரும்பான்மை. சிறு கட்டிகள் தோன்றுதலும் உண்டு. இவ்வகைக் குழம்புகள் குருதிக்குழாயுட் புக்கு அடைத்தலால் தோல் அழுகியதும், மிக அரிதாகப் பார்வை அழிந்ததும் உண்டு. இதற்கு முற்பட்ட கதை இன்னுங் கொடியது. 1899-இல் வியன்னா நகரத்து ஜெர்சுனி என்னும் அறுவை மருத்துவர் வாசலினை உடலுட் செலுத்தத் தலைப்பட்டார். பின்னர்ப் பாரபின் மெழுகினை முகத்துச் செலுத்தி அழகுசெய்யும் வழக்கம் பரவியது. அம்மெழுகு உள்ளே இடம்பெயர்ந்து கட்டியாகிப் புண்ணாகியது கண்டு கைவிட்டனர். இப்போதைய குழம்பினைக் கரைத்தற்கு ஹயலுரோனிடேஸ் என்னும் மாற்றுமருந்து உண்டு என்பது பெரியதோர் ஆறுதல்.

இனி வழக்கிற்கு வருவாம். ‘உடம்பு புழுக்கூடு, அதனைப் பேணுதலே மயக்கம், ஆதலின் ஊசி விலக்கத்தக்கது’ என்பார் ஒரு சாரார். இக்கூற்று எளிதிற் கூறத்தக்கது. ஆயின் சைவர் கூற்றாகாது. தனு, கரணம், புவனம், போகம் நான்கும் உயிர் மலத்தினின்றும் நீங்குதற்பொருட்டு இறைவன் உதவியன என்பது நம் கொள்கை. உடம்பினை முன்னர் இழிந்ததென்று எண்ணி, உள்ளே உறைவானைக் கண்டபின் அதனை ஓம்பினமையைத் திருமூலர் தாமே உரைத்தனர். மேலும், உடம்பை இகழ்ந்துரைக்கும் இவ்வன்பர்கள் பல்வலி வந்துழி மருத்துவர் வாயிலில் முதலில் நிற்றலை யாம் பன்முறை கண்டுள்ளேம்.

மற்றொரு சாரார் வன்மையுடையோர். ‘கண் மங்கியவர் கண்ணாடி அணிகின்றனர், பல்லிழந்தார் பொய்ப்பல் பொருத்துகின்றனர், நரைத்தார் மை பூசுகின்றனர், தோல் வறண்டார் ஊசி ஏற்றாற் குற்றம் யாது?’ என்பது இவர் வினா. கண்ணாடி காண்டற்றொழிலை மீட்பது, ஊசி தோற்றத்தை மட்டும் மாற்றுவது என்று விடைகூறி அமையலாம் என்று தோன்றும். அவ்விடை நில்லாது. தோற்றமும் ஒரோவழித் தொழிலேயாதலின் என்க. எச்.ஐ.வி. நோயுற்றார் சிலர்க்குக் கன்னத்துக் கொழுப்பு வற்றி முகம் ஒடுங்கிவிடும். கண்டோர் நோயை உய்த்துணர்ந்து விலகுவர். அக்குறையை நிரப்பும் ஊசிமருந்து ஒன்றை மேற்கூறிய ஆணையம் 2004-இல் ஏற்றது. அதனை வீண் ஒப்பனை என்று சொல்ல எவர்க்கு நாவெழும்? தீப்புண் வடுவுடையார்க்கும் இஃது ஒக்கும். ஆகவே, ஊசியிலும் குற்றமில்லை, தோற்றத்தைக் கருதுதலிலும் முழுதுங் குற்றமில்லை என்பது பெறப்படும்.

இவ்விடத்துத் திருநீலகண்ட நாயனார் வரலாற்றை எடுத்துக்காட்டுவாரும் உளர். ஆணையின் வழிநின்று, தீண்டாது வாழ்ந்து, மூப்பெய்திய குயவனாரும் மனைவியாரும் மூங்கிற்கோலின் இருதலையும் பற்றிக் குளத்தில் மூழ்கி இளமையோடு எழுந்தனர் அன்றோ? இறைவனே திரையை நீக்கினன் எனின், மருத்துவன் நீக்குதல் எங்ஙனம் தவறாம் என்பர். நயமான வினா. ஆயின் அவ்விருவரும் இளமையை வேண்டினாரல்லர். குளத்தில் இறங்கியது, காணாமற்போன ஓட்டின்பொருட்டு உண்மைகூறிச் சூளுறுதற்கு. இளமை, அவர் காத்த உறுதியை உலகம் அறிதற்பொருட்டு வந்தது. இளமையிற் கடைப்பிடித்த உறுதிக்கு இளமையே சான்றாயிற்று. மறுதலையாகக் காரைக்காலம்மையாரோ, கணவன்பொருட்டுத் தாங்கிய அழகினைக் கழித்துப் பேய்வடிவு வேண்டினர். ஒருவர்க்கு இளமை வேண்டாமலே வந்தது. ஒருவர் இளமையை வேண்டிக் கழித்தனர். இவ்விரண்டனுள் எதனையும் நம்மனோர்க்கு விதியாக்குதல் பொருந்தாது. இருவர் உள்ளத்தும் தோலைப்பற்றிய அச்சம் இருந்ததில்லை என்பதனை மட்டும் குறித்துக்கொள்வோம்.

அச்சம் என்றேம். குற்றம் புகும் வாயில் அதுவே. உயிர் தான் சார்ந்ததன் தன்மையைத் தனதாகக் கொள்ளும் இயல்பினது. பளிங்கு அடுத்ததன் நிறத்தைக் காட்டுதல்போல என்று இதனை ஆசிரியர்கள் விளக்குவர். (பளிங்கின் பெயர்பூண்ட மருந்தொன்றைப்பற்றி எழுதுங்கால் இவ்வுவமை தானே வந்து நிற்கின்றது.) சிவஞானபோதம் மூன்றாஞ் சூத்திரத்து, உடம்பின் வேறாய் உயிர் உண்டென்பதற்கு, ‘எனது உடம்பு’ என்னும் வழக்கும் ஒரு கருவியாகின்றது. ‘என் கன்னம் வறண்டது’ என்பார் உடைமையின் குறையைச் சொல்லுகின்றார். வீட்டுச் சுவரின் காரை பெயர்ந்தது என்பதனோடு அஃது ஒக்கும். காரை பூசுதல் எவர்க்கும் பழியன்று. ‘யான் கெட்டேன், யான் இனி எவர்க்கும் வேண்டாதவள்’ என்பாரோ சுவரையே தாமாகக் கொண்டவர். அவர்க்கு ஊசியால் தீர்வு இல்லை. ஆறு திங்களில் குழம்பு கரையும், அச்சம் முன்னையினும் பெருகி வரும், மறுபடியும் ஊசி வேண்டும். செலவைப்பற்றி யாம் பேசவில்லை. உயிர் மேன்மேலும் தன்னை மறத்தலைப் பேசுகின்றேம்.

ஆயினும், இவ்வச்சத்தை எழுப்பினார் யாவர் என்று கேளாது, அஞ்சினாரையே குற்றஞ்சாட்டுதல் நீதியன்று. எம்மிடம் பாடங்கேட்ட அன்பர் ஒருவரின் மகளார் 43 ஆண்டு நிரம்பியவர். ஒரு நிறுவனத்தின் வாயிலில் வருவோரை எதிர்கொள்ளும் பணியினர். ‘முகம் களைத்திருக்கிறது, ஏதேனும் செய்துகொள்ளுங்கள்’ என்று மேலாளர் இருமுறை சொன்னாராம். உடன்பணிபுரியும் ஆடவர்க்குத் தலை வழுக்கையாயினும் எவரும் ஒன்றும் சொல்லிலர். இவ்வம்மையார் ஊசி ஏற்பின் அதனை ஆணவம் என்று யாம் எழுதமாட்டேம். தம் குழந்தைகளின் உணவைக் காப்பதாகவே அவர் கருதுவர். பழி, திரையைத் தகுதிக்குறைவாக எண்ணுவார்மேற் செல்க.

இதனை ஒட்டி மற்றொன்று. ஒருவர் தம் முகத்திற்குச் செய்துகொள்வது தம்மளவில் முடிவதென்று நினைத்தல் பிழை. ஓர் அலுவலகத்துப் பத்துப்பேருள் எண்மர் திரைநீக்கிக்கொள்வாராயின், எஞ்சிய இருவர் முகம், மாறாதிருந்தும், மூத்த முகமாகிவிடும். அவர் ஒன்றுஞ் செய்திலர், ஆயினும் இழந்தனர். வசதியுடையார் இதனைத் தொடங்குமுன் நினைத்தல் கடன். எண்மரும் தனித்தனியே தீங்கு கருதாதவர் என்பதே இதன்கண் உள்ள இடர்.

திரை மூப்பின் கணக்கே என்று கொள்ளுதலும் பிழை. 28 ஆண்டு சுமைவண்டி ஓட்டிய 69 வயதினர் ஒருவரின் முகப்படம் 2012-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தது. பலகணி வழியே வெயில்பட்ட இடப்பக்கம் ஆழ்ந்த திரையுடையது. வலப்பக்கம் அத்துணை இல்லை. ஒரே பிறப்பு, ஒரே வயது, ஒரே முகம். பாதி மூத்தது, பாதி இளையது. எனின், முகத்துத் திரையிற் பெரும்பங்கு ஞாயிற்றின் கைவேலை. வெயிலிற் குடையும் முன்றானையும் கொண்டு சென்ற நம் பாட்டியர் எந்த ஊசியும் அறியாதே அறிந்திருந்தனர்.

சைவர் நோக்கற்பாலது இன்னும் ஒன்றுண்டு. வினவினாருள் ஒருவரும் இதனைக் கேட்டிலர் என்பது எமக்கு வியப்பே. இம்மருந்துகள் எதனினின்றும் எடுக்கப்படுகின்றன? ஹயலுரோனிக் அமிலம் முன்னாளிற் சேவலின் கொண்டையினின்றும் எடுக்கப்பட்டது. இப்பொழுது பெரும்பாலும் நுண்ணுயிர்களை நொதிக்கச்செய்து பெறுகின்றனர். சுவீடன் நாட்டு உப்சாலாவில் தோன்றி 1996-இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்த ‘ரெஸ்டிலேன்’ இம்முறையினது. இதற்கு முன்னர் 1981-இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்ட கொலாஜன் ஊசியோ மாட்டுத் தோலினது. கொரியா நாட்டினின்றும் பரவிய ‘ரெஜூரான்’ என்பது சால்மன் மீனின் உயிரணுக்களிலுள்ள டி.என்.ஏ.வைக்கொண்டு ஆக்கப்படுவது. உயிர்காக்கும் மருந்தாயின் விலக்கு நெகிழும். கன்னத்தின் மழமழப்பிற்கு அந்நெகிழ்ச்சி இல்லை என்பது எம் துணிபு. உண்ணுதற்கு மீனைத் தீண்டாதார் தோலின்வழி அதனை ஏற்றல் முறையாகாது. ‘பூஸ்டர்’ என்னும் ஒரே பெயரால் இவையெல்லாம் வழங்குதலின், ஊசிக்கு முகத்தைக் காட்டுமுன் பெட்டியின்மேல் எழுதியிருப்பதைக் காட்டச்சொல்லிப் படித்தறிக. கரைக்கும் மாற்றுமருந்து அவ்வறையில் உளதோ என்றும் அப்பொழுதே கேட்க.