திரும்பி வந்த ஒளி

வடதிருமுல்லைவாயிலில் அன்று பௌர்ணமி. குருக்கள் கற்பூரத் தட்டை உயர்த்தினார். மணி ஒலித்தது. சந்தனம் சாத்திய மாசிலாமணி ஈசனின் லிங்கத் திருமேனியில் சுடர் பட்டு, மீண்டு, என் கண்ணுக்குள் வந்து விழுந்தது. அவ்வளவுதான், கூப்பிய கையோடு அழுதுவிட்டேன். ஒளி போய்த் தொட்டுத் திரும்புவதை வைத்துத்தான் எனக்குப் பிழைப்பு. அதற்குத் தரிசனம் என்று ஒரு பெயர் இருப்பது அந்தக் கணத்தில்தான் தெரிந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்கு லிடார் வேலை. விமானத்திலிருந்தோ ட்ரோனிலிருந்தோ லேசர் துடிப்புகளை நொடிக்கு லட்சக்கணக்கில் தரை நோக்கி விடுவார்கள். ஒவ்வொன்றும் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கருவி குறித்துக்கொள்ளும். நேரத்திலிருந்து தூரம், தூரத்திலிருந்து நிலத்தின் உயரம். ஒரு நொடியை நூறு கோடிக் கூறாக்கினால், ஒரு கூறுக்குள் ஒளி எட்டித் திரும்புவது 15 சென்டிமீட்டர், ஒரு சாணுக்கும் குறைவு. அத்தனை நுட்பமான கணக்கு.

மரம் அடர்ந்த இடத்தில் ஒரே துடிப்பு பல முறை திரும்பும். உச்சி இலையில் பட்ட பங்கு முதலில் வரும், கிளையில் பட்டது அடுத்து. இலை இடுக்கில் நுழைந்து மண்ணைத் தொட்டது கடைசியில் வரும். முதலுக்கும் கடைசிக்கும் உள்ள இடைவெளிதான் மரத்தின் உயரம். பெரும்பாலானவை இலையோடு திரும்பிவிடும். ஆனாலும் மண்ணைத் தொட்ட சில புள்ளிகள் போதும். அவற்றை மட்டும் பிரித்தெடுத்தால் திரையில் காடு விலகும். வரப்பும் வாய்க்காலும் ஏரிக்கரையும் எழுந்து நிற்கும்.

கம்போடியாவின் குலேன் மலைக்காட்டின் மேல் 2012-இல் ஹெலிகாப்டரில் இப்படித்தான் பறந்தார்கள். இலைக்கடலுக்கு அடியில் மகேந்திரபர்வதத்தின் வீதிகளும் மேடுகளும் தெரிந்தன. சிவனை வணங்கிய மன்னர்களின் பழைய தலைநகரம் அது. ஒரு மரமும் விழவில்லை.

இந்த முல்லைவாயிலிலும் சிவன் காட்டுக்கு அடியில்தான் இருந்தான். போருக்குப் போன மன்னன் தொண்டைமானின் யானைக்காலை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டதாம். சுந்தரர் தம் பதிகத்திலேயே அதைப் பாடியிருக்கிறார். கொடியை விலக்க மன்னன் வாளை வீசினான். வாள் லிங்கத்தில் பட்டு ரத்தம் பீறிட்டது என்கிறது தலபுராணம். கதறிய மன்னனைத் தண்டிக்காமல் நந்தியையே துணைக்கு அனுப்பினானாம் எம்பெருமான். அதனால்தான் இங்கே நந்தி சுவாமியைப் பார்க்காமல், புறப்பட்ட கோலத்தில் கிழக்கே பார்த்திருக்கிறது. அந்த வெட்டுக்காயம் குளிரத்தான் ஆண்டெல்லாம் சந்தனக்காப்பு. சித்திரைச் சதயத்தில்தான் அதைக் களைவார்கள்.

அந்தச் சந்தனத்தைப் பார்த்தபடி நின்றேன். வாளுக்கு வெட்டித்தான் காணத் தெரிந்தது. ஒளிக்கு வெட்டத் தேவையில்லை. கொடியை நோகச் செய்யாமல், இடுக்கு பார்த்து உள்ளே போய், கிடப்பதைக் கண்டு வருகிறது. மாசிலாமணியே, உன்னை இனி ஒருவரும் காயப்படுத்தாமல் காண, இப்படி ஒரு ஒளியை எங்கள் கையில் கொடுத்தாயா? அதைத் தினமும் தொட்டும் உன் பெயர் சொல்லாமல் இருந்தேனே!

பிறகுதான் உறைத்தது. பார்க்கப்பட்டது நான். சம்பளம், கடன், வீம்பு, வருத்தம் என்று எனக்குள் எத்தனை அடுக்கு இலை! இத்தலத்து அம்மை கொடியிடை நாயகியோடு நீ நின்று, எத்தனை காலமாக என்மேல் ஒளியை அனுப்பியிருப்பாய்? எல்லாம் உச்சி இலையோடு திரும்பியிருக்கும். நீ நிறுத்தவில்லை. இன்று ஒரு கதிர் இடுக்கு கண்டு, உள்ளே நுழைந்து, என் மண்ணைத் தொட்டுவிட்டது.

என் கன்னத்தில் வழிந்தது, ஐயனே, அந்தக் கதிர் உன்னிடம் திரும்பி வந்த வழி.