பன்னிரண்டுக்கும் பதினெட்டுக்கும் நடுவில்

ஒரே ஓர் எழுத்து மாறி நிரல் முழுக்கக் கோணலாகிப் போவதை என் வேலையில் அடிக்கடி பார்க்கிறேன். மூளைக் கட்டிகளிலும் அப்படி ஒன்று உண்டு. ஐடிஹெச்1 என்ற மரபணுவில் பெரும்பாலும் ஒரு ‘ஜி’ இருக்கவேண்டிய இடத்தில் ‘ஏ’ வந்து உட்கார்ந்துவிடுகிறது. க்ளையோமா கட்டிகளில் இதை 2008ல் கண்டுபிடித்தார்கள். முதியவர்களைவிட இளையவர்களிடமே அதிகம்; பதின்ம வயதினரில் சிலரிடமும் உண்டு.

இந்தப் பிழையைக் குறிவைக்கும் வோராசிடெனிப் என்ற மாத்திரைக்கு 2024 ஆகஸ்டில் அமெரிக்கா அனுமதி தந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, 12 வயது முதல் கொடுக்கலாம். 331 பேரிடம் நடந்த சோதனையில், கட்டி மேலும் வளராமல் இருந்த இடைநிலைக் காலம் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 11.1 மாதம், மருந்து எடுத்தவர்களுக்கு 27.7 மாதம். கட்டியை இது குணப்படுத்துவதில்லை. கதிர்வீச்சையும் கீமோவையும் தள்ளிப்போட வைக்கிறது. கதிர்வீச்சு பல வருடம் கழித்து நினைவாற்றலையும் கவனத்தையும் மழுங்கடிக்கக்கூடும் என்பதால் அந்தத் தள்ளிப்போடல் சின்ன விஷயமில்லை.

இதைத் தனிநபருக்கேற்ற சிகிச்சை என்கிறார்கள். எனக்கு உறுத்துவது அந்தத் ‘தனிநபர்’தான். மாத்திரைக்குத் தெரிந்தது கட்டியை மட்டுமே. எதை இழக்கலாம், எதை இழக்கவே கூடாது, கிடைக்கும் மாதங்கள் எதற்கு என்பதற்கெல்லாம் எந்த மரபணு அறிக்கையிலும் விடை இல்லை. ப்ளஸ் டூ எழுதப்போகும் பெண்ணிடம்தான் இருக்கிறது.

அவளைக் கேட்கிறோமா? ‘புள்ளைகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்’ என்பதுதான் நம் ஊர் வழக்கம். 18 ஆகும்வரை கையெழுத்தும் பெற்றோருடையது. இத்தனைக்கும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி, 12 வயதைத் தாண்டிய ஒருவரை ஆய்வில் சேர்க்க வேண்டுமென்றால் பெற்றோர் சம்மதத்தோடு அவருடைய எழுத்துபூர்வ இசைவும் வேண்டும். ஆய்வுக்கு வந்தால் கேட்கப்படுகிற பிள்ளை, சிகிச்சைக்கு வந்தால் கேட்கப்படாமலே போகலாம்.

மறைப்பது அன்பினால்தான். பதினைந்து வயசு இதைத் தாங்குமா என்ற பயம் நியாயமானது. எல்லாருக்கும் எல்லாம் தெரிந்தாக வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ‘எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம், நீங்களே பாத்துக்கோங்க’ என்பதும் ஒரு பதில்தான். ஆனால் அதை அவள் சொல்ல வேண்டும், நாமே அவளுக்காகச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று, மாத்திரை அட்டையில் இருக்கும் பெயரை மொபைலில் தட்ட அரை நிமிடம் போதும். அதன்பின் அவளும் தெரியாததுபோல நடிப்பாள், நம் மனசு நோகக்கூடாதென்று. ஒரே வீட்டில் மூன்று பேர், ஒருவரிடம் ஒருவர் மறைத்தபடி. முடிவைப் பெரியவர்களே எடுக்கட்டும். அதற்கு முன்னால் ‘உனக்கு எதும்மா முக்கியம்?’ என்று அவளை ஒரு தடவை கேட்டுவிடுவோம்.