போகோலான்: சேற்றுத் துணியும் காக்கும் ஆற்றலும்

மாலி நாட்டின் பாமனா மக்கள் சேற்றால் சாயமேற்றும் பருத்தித் துணி போகோலான்ஃபினி. அவர்கள் மொழியில் ‘போகோ’ என்றால் சேறு, ‘ஃபினி’ என்றால் துணி. இத்துணி உடுத்தியவரைக் காக்கும் என்பது அவர்களின் மரபு நம்பிக்கை. அந்த ஆற்றல் துணிக்கு எங்கிருந்து வருகிறது?

விடை ‘ஞாமா’ என்ற கருத்தில் தொடங்குகிறது. மனிதர், விலங்கு, மரம், மண் அனைத்திலும் உறையும் உயிராற்றலே ஞாமா. அதைக் கையாளத் தெரிந்தவருக்கு அது துணை, தெரியாதவருக்கு ஆபத்து. இரத்தம் சிந்தும் வேளையில் அது கட்டவிழ்கிறது. வேட்டைக்காரர்கள் போகோலான் சட்டை அணிந்ததும், பருவச் சடங்கில் உறுப்பு வெட்டப்பட்ட பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் இத்துணியைச் சுற்றியதும் இதனால்தான். கட்டவிழ்ந்த ஆற்றலைத் துணி தன்னுள் வாங்கிக்கொள்ளும் என்று நம்பினர்.

மரபுப்படி நெய்பவர்கள் ஆண்கள், சாயமிடுபவர்கள் பெண்கள். குறுகிய பட்டைகளாக நெய்து, அவற்றை இணைத்துத் தைப்பார்கள். கடுக்காய் மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த ஙகலாமா மரத்தின் இலைச் சாற்றில் நனைத்தால் துணி மஞ்சளாகும். பிறகு, குளத்திலிருந்து எடுத்துப் பானையில் நெடுநாள் புளிக்கவைத்த சேற்றைப் பூசுவார்கள். இலையின் துவர்ப்புச் சத்தும் சேற்றின் இரும்பும் சேர்ந்து, கழுவினாலும் போகாத கருமை பிறக்கும். சேறு பூசப்படுவது கோலத்தின் மேல் அல்ல, அதைச் சுற்றியுள்ள வெளியில். எஞ்சிய மஞ்சள் கோடுகளைக் காரக் கலவையால் வெளுத்தால் கோலம் வெண்மையாகத் தெளியும்.

கருமைக்கு வேதியியல் காரணம் சொல்கிறது. காக்கும் ஆற்றலுக்கோ பாமனா மரபு மண்ணை மட்டும் காரணமாக்கவில்லை. கோலங்களின் பெயரும் பொருளும் தாயிடமிருந்து மகளுக்குச் செல்பவை. எல்லாவற்றையும் எல்லோருக்கும் சொல்வதில்லை. மண், அதை ஆளும் அறிவு, உடுத்தும் தருணம் மூன்றும் கூடும்போதே துணி காக்கிறது.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போகோலான் நவீன உடையானது. அதை உலக அரங்குக்குக் கொண்டுசென்ற மாலி வடிவமைப்பாளர் கிறிஸ் செய்து (1949–1994), பொருள் பொதிந்த மரபுத் துணியில் கத்தரி வைக்கத் தயங்கினார்; தம் உடைகளுக்கென எளிய கோலங்களில் துணி உருவாக்கினார். இன்று பமாகோ பட்டறைகளில் ஆண்களும் அச்சுத்தகடு வைத்து விரைவாகச் சாயமிடுகிறார்கள். சேறும் கருமையும் அந்தத் துணிகளில் உண்டு. ஆனால் மரபின் அளவுகோலில், கற்றறிந்த கையும் உரிய தருணமும் சேராதவரை அவை அழகிய துணிகளே. காவல் துணிகள் ஆவதில்லை.