கடிவாளம் பிடித்த கை

தேரும் குதிரையும் சாரதியும் பாரத நாட்டின் ஆன்மிகச் சிந்தனைக்குப் புதியவை அல்ல. உடலைத் தேராகவும், புலன்களைக் குதிரைகளாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், புத்தியைச் சாரதியாகவும், ஆன்மாவைத் தேரில் வீற்றிருக்கும் தலைவனாகவும் கடோபநிஷதம் உருவகப்படுத்துகிறது. இந்த உருவகத்தைக் கேட்டிராத சாதகர் அரிது. ஆனால் அதைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் குதிரை பூட்டிய வண்டியை ஒருமுறையேனும் ஓட்டியவர்கள் அல்லர். அதனால் ‘புலனடக்கம்’ என்றதும் ஓங்கிய சாட்டையும் இறுகப் பிடித்த கடிவாளமுமே அவர்கள் மனக்கண்முன் தோன்றுகின்றன. நல்ல சாரதி அப்படித்தான் ஓட்டுகிறானா? அடக்குவதும் பழக்குவதும் ஒன்றுதானா? இக்கேள்விக்கு விடை தேடுவோர், குதிரை வண்டி ஓட்டுவதை இன்றும் ஒரு கலையாகப் பயின்று, அதில் போட்டியிட்டும் வருபவர்களைச் சற்றே கவனிப்பது பயன் தரும்.

மூன்று சோதனைகள்

மோட்டார் வாகனங்கள் பெருகியபின் ஐரோப்பிய நகரங்களின் தெருக்களிலிருந்து குதிரை வண்டிகள் மறைந்தன. அக்கலை மட்டும் மறையவில்லை. இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத்தின் கணவர் இளவரசர் பிலிப், 1964 முதல் 1986 வரை சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் தலைவராக இருந்தார். அவருடைய முயற்சியால் வண்டியோட்டப் போட்டிகளுக்குச் சர்வதேச விதிகள் வகுக்கப்பட்டன. நான்கு குதிரைகள் பூட்டிய வண்டிகளுக்கான முதல் உலகப் போட்டி 1972-இல் மேற்கு ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரில் நடைபெற்றது. பிலிப்பும் தம் 50-ஆம் வயதில் போலோ ஆட்டத்தை விட்டுவிட்டு வண்டியோட்டத்தில் இறங்கினார். 1980-இல் வின்ட்சரில் நடந்த உலகப் போட்டியில் தங்கம் வென்ற பிரிட்டிஷ் அணியில் அவரும் ஒருவர்.

இப்போட்டியில் மூன்று சோதனைகள் உண்டு. முதலாவது, நடை ஒழுங்கு. 100 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் கொண்ட களத்தில், வட்டமாகவும் வளைவாகவும் நேராகவும் வண்டியைச் செலுத்திக் காட்ட வேண்டும். இங்கே வேகத்துக்கு மதிப்பில்லை. அமைதிக்கும் இசைவுக்குமே மதிப்பு. இரண்டாவது, நெடுவழி ஓட்டம். பல கிலோமீட்டர் தூரம் ஓடி, மரக்கட்டைகளாலும் மேடுபள்ளங்களாலும் சில இடங்களில் நீராலும் அமைந்த தடைகளுக்குள் புகுந்து, குறித்த வரிசையில் வாயில்களைக் கடந்து வெளிவர வேண்டும். மூன்றாவது, கூம்புகளின் ஊடே ஓட்டுதல். இணை இணையாக நிறுத்தப்பட்ட கூம்புகளின் தலையில் ஒவ்வொரு பந்து இருக்கும். சக்கரங்களின் அகலத்தைவிட ஏறத்தாழ ஒரு சாண் அளவே கூடுதலான இடைவெளியில் வண்டி புகுந்து செல்ல வேண்டும். ஒரு பந்து விழுந்தால் 3 தண்டப் புள்ளிகள்.

மூன்று சோதனைகளின் முடிவும் தண்டப் புள்ளிகளாகவே கணக்கிடப்படுகிறது. எவரிடம் குற்றம் மிகக் குறைவோ அவரே வெற்றியாளர். பிறரை வீழ்த்துவதைவிடத் தன் பிழைகளைக் குறைத்துக்கொள்வதே வெற்றிக்கு வழி என்னும் இந்த ஏற்பாடு, சாதகனின் கணக்குக்கும் மிகப் பொருந்துவதே.

அச்சத்தை வென்றபின்னரே வண்டி

களத்தில் காணும் இந்த ஒழுங்கு ஒரு நாளில் வந்ததன்று. இளங்குதிரையைக் கொண்டுவந்து உடனே வண்டியில் பூட்டுபவன் மூடன். குதிரை இயல்பிலேயே அஞ்சி ஓடும் பிராணி. கொடிய விலங்குகளுக்கு இரையாகாமல் தப்புவதற்கு இயற்கை அதற்குத் தந்த வழி ஓட்டமே. அப்படிப்பட்ட ஒன்றின் பின்னால், கடகடவென்று ஒலியெழுப்பி, எவ்வளவு ஓடினாலும் விடாமல் துரத்தி வரும் ஒரு பொருளைக் கட்டினால் அது என்ன செய்யும்?

ஆகவே பயிற்சி படிப்படியாக நடக்கிறது. முதலில் சேணமும் வார்களும் உடலில் படுவதற்குக் குதிரை பழகுகிறது. பிறகு பயிற்சியாளர் நீண்ட வார்களைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் நடந்து செல்கிறார். ‘நட’, ‘நில்’ என்னும் சொற்களை அது அப்போது கற்கிறது. அடுத்து, பின்னால் ஏதோ ஒன்று இழுபட்டு வருவதைப் பொறுத்துக்கொள்ளும் பொருட்டு, மரக்கட்டையையோ பழைய டயரையோ இழுக்கப் பழக்குகிறார்கள். வெற்று வண்டியை வேறொருவர் தொலைவில் தள்ளிவர, அந்த ஒலியைக் கேட்டவாறே குதிரை நடந்து பழகுவதும் உண்டு. பல இடங்களில், அனுபவம் மிக்க முதிய குதிரையின் பக்கத்தில் இளங்குதிரையைப் பூட்டுகிறார்கள். முதிய குதிரை கலங்காமல் நடப்பதைக் கண்டு இளையது தானும் கலக்கம் நீங்குகிறது. ஸத்சங்கத்தின் பயனை இதைவிடத் தெளிவாக எடுத்துக்காட்டுவது கடினம்.

இப்பயிற்சியில் அவசரத்துக்கு இடமில்லை. ஒரே ஒருமுறை பெரும் அச்சத்துக்கு ஆளான குதிரை அதை நெடுங்காலம் மறப்பதில்லை. ஒரு வாரத்தை மிச்சப்படுத்த நினைப்பவர் பல மாத உழைப்பை இழக்க நேரும்.

குதிரையின் கண்ணருகே பொருத்தப்படும் கண்மறைப்பும் சிந்திக்கத்தக்கது. குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால், அது தனக்கு நேர் பின்னால் உள்ள சிறுபகுதி தவிரச் சுற்றிலும் ஏறக்குறைய அனைத்தையும் காண வல்லது. பின்னால் சுழலும் சக்கரங்களைக் கண்டு மிரளாதிருக்கவே கண்மறைப்பு. ஆனால் சில பயிற்சியாளர்கள் தொடக்கத்தில் கண்மறைப்பு இன்றியே பழக்குவர். வண்டியைக் குதிரை நன்றாகப் பார்க்கட்டும், அதனால் தீங்கில்லை என்று தானே உணரட்டும் என்பது அவர்கள் கருத்து. காணாதிருப்பதால் வரும் அமைதி ஒன்று. கண்டு தெளிந்ததால் வரும் அமைதி மற்றொன்று. புலன்களைத் தூண்டும் பொருள்களிலிருந்து விலகி நிற்பது தொடக்கச் சாதகனுக்கு அவசியமே. எனினும் கண்மறைப்பு நழுவிவிட்டாலும் மிரளாத நிலையே உறுதியானது.

இறுக்கமும் தளர்ச்சியும்

வளர்ந்த குதிரை ஒன்றின் எடை ஏறத்தாழ 500 கிலோ. நான்கு குதிரைகள் என்றால் 2 டன். ஒரு மனிதனின் கைவலிமை இதன் முன் எம்மாத்திரம்? குதிரைமேல் ஏறிச் செல்பவன் தன் கால்களாலும் உடலின் அசைவாலும் அதனுடன் பேச முடியும். வண்டியோட்டுபவனுக்கோ குரல், கடிவாள வார், சாட்டை என்னும் மூன்றே துணைகள். வலிமையால் இழுத்து நிறுத்த முயன்றால், அஞ்சிய குதிரை அந்த இழுப்பின்மீதே சாய்ந்துகொண்டு மேலும் விரைகிறது. கை இறுகி, உடனே தளர்ந்து, மீண்டும் இறுக வேண்டும். பிடித்தலைப் போலவே விடுத்தலும் கலையின் ஒரு பாகம். குதிரையின் வாயில் பற்களே இல்லாத ஓர் இடைவெளி உண்டு. கடிவாள இரும்பு தங்குவது அங்கேதான். எலும்பின்மீது மெல்லிய தசை மட்டுமே போர்த்திய இடம் அது. முரட்டுக் கை அந்த இடத்தை மரத்துப்போகச் செய்கிறது. பின்னர் மென்மையான குறிப்பு எதுவும் அங்கே எட்டுவதில்லை. ஓயாமல் அதட்டப்படும் பிள்ளையின் செவியும், ஓயாமல் வதைக்கப்படும் மனமும் இவ்வாறே மரத்துப்போகின்றன.

ஜெர்மனியைச் சேர்ந்த பென்னோ ஃபான் ஆக்கன்பாக் (1861–1936), பாரிஸில் வாழ்ந்த எட்வின் ஹௌலெட் என்னும் ஆங்கிலேயரிடம் வண்டியோட்டம் பயின்று, அதை ஒழுங்கான முறையாக வகுத்தவர். இன்றும் பலரால் பின்பற்றப்படும் அம்முறையில், வார்கள் அனைத்தும் இடக்கையில் தங்கும். வலக்கை உதவிக்கும் சாட்டைக்கும் உரியது. இரட்டைக் குதிரைகளுக்கு அவர் அமைத்த வாரில் 11 துளைகள் உண்டு. இரு குதிரைகளின் இயல்பு ஒருபோதும் ஒன்றாக இராது. ஒன்று துடிப்பானது, மற்றொன்று மந்தமானது. அப்படியே விட்டுவிட்டால் துடிப்பான குதிரையே முழுப் பாரத்தையும் இழுத்துச் சோர்ந்துபோகும். மந்தமானது வெறுமனே உடன் நடக்கும். கொக்கியைத் தக்க துளையில் மாட்டி, ஒன்றைச் சற்றுப் பின்னிறுத்தி மற்றொன்றுக்கு முன்செல்ல இடம் தந்தால், இரண்டும் பாரத்தைச் சமமாகப் பகிர்ந்துகொள்கின்றன. துடிப்பானதற்குப் பாராட்டு, மந்தமானதற்கு அடி என்பது இதில் இல்லை. குடும்பத்திலும் தொண்டு நிறுவனத்திலும், உழைப்பவர் தலையிலேயே மேலும் மேலும் சுமை ஏற்றப்படுவதைக் காண்கிறவர்கள் இந்த நுட்பத்தை எண்ணிப் பார்க்கலாம். நடத்திச் செல்பவனின் நீதி, பெரிய சொற்களைவிட இத்தகைய சிறு துளைகளிலேயே வெளிப்படுகிறது.

வெற்றி யாருடையது?

இங்கே ஒரு கடினமான கேள்வி எழுகிறது. குதிரை பதக்கம் கேட்டதில்லை. வெற்றி, தோல்வி, புகழ் எதையும் அது அறியாது. மனிதனின் விருப்பத்துக்காக வாய்பேசாத ஓர் உயிரை உழைக்க வைப்பது அஹிம்சைக்கு ஏற்றதா?

‘நாங்கள் குதிரையை நேசிக்கிறோம், நன்றாக உணவளிக்கிறோம்’ என்பது போதிய விடையாகாது. நேசிப்பதாகச் சொல்லிக்கொண்டே வதைப்பவர்கள் உண்டு. ‘விதிகள் காக்கின்றன’ என்பதும் முழு விடையன்று. விதிகள் உண்மையிலேயே நல்லவை. நெடுவழி ஓட்டத்தில், தடைகள் நிறைந்த கடைசிப் பகுதிக்கு முன் கட்டாய ஓய்வு உண்டு. கால்நடை மருத்துவர் குதிரையின் நாடியையும் மூச்சையும் சோதித்து, தகுதியற்றதை மேலே செல்லவிடாமல் நிறுத்தலாம். சாட்டையைக் கொடுமையாகப் பயன்படுத்துவது தண்டனைக்குரியது. ஆயினும் விதியின் கண் களத்தில் மட்டுமே விழித்திருக்கிறது. நள்ளிரவில் லாயத்திலும், எவரும் பார்க்காத பயிற்சிப் பாதையிலும் மனச்சான்று ஒன்றே காவல்.

இப்படி ஒரு நிலையை எண்ணிப் பார்க்கலாம். ஒற்றைக் குதிரை வண்டிப் போட்டி. இரண்டு சோதனைகள் முடிந்து ஒருவர் முன்னணியில் இருக்கிறார். எஞ்சியிருப்பது கூம்புகள் மட்டுமே. காலையில் குதிரையை நடத்திப் பார்க்கும்போது அதன் அடிவைப்பில் நூலளவு வேறுபாட்டை அவர் கை உணர்கிறது. பிறர் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. இரையாகும் இனத்தில் பிறந்த குதிரை தன் வலியை மறைப்பதில் வல்லது. இன்னும் சில நிமிட ஓட்டம். அதன்பின் எத்தனை நாள் வேண்டுமானாலும் ஓய்வு தரலாம். பல ஆண்டுக் கனவு கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. உண்மையை அறிந்தவர் அவர் ஒருவரே.

அந்தக் கணத்தில்தான் அவர் குதிரையைப் பழக்கினாரா, அல்லது ஆசை அவரைப் பழக்கிவிட்டதா என்பது தெரியவரும். வண்டியில் குதிரை பூட்டப்பட்டிருக்கிறது. ஆசையில் அவர் பூட்டப்பட்டிருந்தால் கடிவாளம் உண்மையில் யார் கையில் இருக்கிறது? வெற்றியை விட்டு வண்டியிலிருந்து இறங்க முடிந்தவரே அந்த வண்டியை ஓட்டத் தகுதியுடையவர். பிராணிகளை இத்தகைய காரியங்களில் ஈடுபடுத்தவே கூடாது என்போரின் வாதத்தை இந்த விடை முற்றிலும் தீர்த்துவிடுவதாகச் சொல்ல முடியாது. எனினும் ஒன்று உறுதி: நிறுத்தத் துணியாதவன் கையில் எந்த உயிரையும் ஒப்படைக்கலாகாது.

போர்க்களத்தில் ஓர் ஓய்வு

மகாபாரதத்தின் துரோண பர்வத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. பதினான்காம் நாள் போர். சூரியன் மறைவதற்குள் ஜயத்ரதனைக் கொல்வதாகவும், தவறினால் தீயில் புகுவதாகவும் அர்ஜுனன் சபதம் செய்திருக்கிறான். ஒவ்வொரு நாழிகையும் உயிருக்குச் சமம். எதிரிகள் சூழ்ந்திருக்கிறார்கள். அந்த வேளையில், அம்புகளால் புண்பட்டுக் களைத்துப்போன குதிரைகளுக்காகத் தேர் நிற்கிறது. அர்ஜுனன் தரையில் இறங்கிப் பகைவரைத் தடுத்துப் போரிடுகிறான். அம்பு எய்து நீர்நிலை ஒன்றையும் உண்டாக்குகிறான். கண்ணபிரான் குதிரைகளை நுகத்திலிருந்து அவிழ்த்து, தம் கையாலேயே அம்புகளை நீக்கி, உடலைத் தேய்த்துவிட்டு, நீர் காட்டி, களைப்பாற்றி, மீண்டும் பூட்டுகிறார்.

கீதையை உபதேசித்த அதே கரங்கள் குதிரையின் புண்ணைத் துடைத்தன என்பது எண்ணி எண்ணி உருகத்தக்கது. பரபரப்பின் உச்சத்தில் நின்றது வீண் தாமதமாகவும் முடியவில்லை. இளைப்பாறிய குதிரைகளே பின்னர் விரைந்து சென்றன, சபதமும் நிறைவேறியது. பலன் கிடைத்ததால் மட்டும் அச்செயல் உயர்ந்ததன்று. பலன் கிடைக்குமா என்று அறியாத நிலையிலும் செய்யத்தக்கது அதுவே என்பதில்தான் அதன் உயர்வு இருக்கிறது.

கடோபநிஷத உருவகத்தை இனி மீண்டும் நோக்கினால் அதன் பொருள் விரிகிறது. குதிரைகளைக் கொன்றுவிடுமாறு உபநிஷதம் கூறவில்லை. விவேகமுள்ளவனின் புலன்களைச் சாரதிக்கு அடங்கிய நல்ல குதிரைகளுக்கும், விவேகமற்றவனின் புலன்களை அடங்காத குதிரைகளுக்கும் அது ஒப்பிடுகிறது. குதிரையின்றித் தேர் நகராது. உடலும் புலனும் இன்றிச் சாதனையும் இல்லை. அவற்றை வெறுப்பவன் பாதி வழியில் நிற்பான். அவற்றின் போக்கிலே விடுபவன் பள்ளத்தில் விழுவான். பட்டினியால் உடலை வதைத்தும், உறக்கத்தை ஒழித்தும், மனத்தை நாள்தோறும் இகழ்ந்தும் விரைவில் முன்னேறிவிட நினைக்கும் சாதகன், இளங்குதிரையை முதல் நாளே வண்டியில் பூட்டியவனைப் போன்றவன். மிதமான உணவு, மிதமான உறக்கம், மிதமான உழைப்பு என்று கீதை வகுத்த பாதை, நல்ல சாரதி அறிந்த பாதையே.

நாள்தோறும் ஒவ்வொருவர் கையிலும் ஏதோ ஒரு கடிவாளம் இருக்கிறது. தன் மனம், தன் பிள்ளை, தன்னிடம் பணிபுரியும் எளியவர் என்று அதன் மறுமுனையில் ஓர் உயிர் இருக்கிறது. மாலையில் ‘இன்று எவ்வளவு தூரம் சென்றோம்?’ என்று கேட்பது எளிது. ‘இன்று நிறுத்தி நீர் காட்ட வேண்டிய இடத்தில் நிறுத்தினோமா?’ என்று கேட்பவனிடமே தேரை நம்பி ஒப்படைக்கலாம்.