விசுவாசம் தளர்ந்தவர் தீட்டிய திருப்படம்

விசுவாசம் தளர்ந்த ஒருவர் தீட்டிய திருப்படத்தின் முன் முழந்தாளிட்டுச் செபிக்கலாமா? வாசக நேயர்களே, இது வீண் கேள்வியன்று. உக்ரேனின் கியேவ் நகரக் கலைக்கூடத்திலுள்ள சில நீர்வர்ண முன்வரைவுகள் இக்கேள்வியை எழுப்புகின்றன.

1887ஆம் ஆண்டில் அவற்றை வரைந்தவர் மிக்கயில் வ்றூபெல். கண்ணாற் காணும் பொருளைவிட அதன் உட்பொருளையே குறியீடுகளால் உணர்த்த முனைந்த ருஷ்ய ஓவியர்களுள் முதன்மையானவர். அந்நகரின் புனித விளதிமிர் பேராலயத்துச் சுவர்களுக்கென அவர் எண்ணிய காட்சி இது: மரித்த யேசுநாதரின் திருவுடல், அருகே தேவதாய். கதறல் இல்லை, மயக்கம் இல்லை. அகல விழித்த இரு கண்கள் மாத்திரமே.

அதே ஆண்டில் தம் சகோதரிக்கு எழுதிய கடிதத்தில் அவர் ஒன்றை ஒளிக்காமற் சொன்னார்: கிறிஸ்துவை முழுமூச்சாய் வரைந்துகொண்டிருந்தும், கிறிஸ்துவின் உயிர்ப்பு உட்படச் சமய ஆசாரங்கள் யாவும் தமக்கு அந்நியமாகி, எரிச்சலையே தருகின்றனவாம்.

திருமுழுக்குக் கொடுப்பவர் தகுதியற்றவராயினும் அருட்சாதனம் பழுதுபடாது என்று புனித அகுஸ்தீனார் தொனாத்தியருக்கு எதிராக வாதிட்டார். அந்த வாதத்தை இங்கே அப்படியே எடுத்தாள முடியாது. தண்ணீர் எவர் கையால் வார்க்கப்பட்டாலும் தண்ணீரே. தூரிகையோ பிடித்தவரின் உள்ளத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் வ்றூபெலின் தூரிகை காட்டிக்கொடுப்பது எதை? தம்மிடம் இல்லாத களிப்பை அவர் இந்தத் தாள்களிலே நடிக்கவில்லை. மூன்று வயதிலே தாயை இழந்தவர் அவர். பெரிய சனிக்கிழமையின் துயரம் அவருக்குத் தெரிந்திருந்தது, தெரிந்ததைத் தீட்டினார். உயிர்ப்பு விடியுமுன் அன்னை மரியாள் கடந்த அந்த நீண்ட பொழுதை, விசுவாசம் நிறைந்த எத்தனையோ ஓவியர்கள் அவசரமாய்த் தாண்டிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். அதனால்தான் இப்படத்தின் முன் செபிக்கலாம் என்பேன்.

முன்வரைவுகள் ஏற்கப்படவில்லை. பேராலயத்தின் பெரும் ஓவியங்களை விக்தர் வஸ்நெற்சோவ் தீட்டினார். வ்றூபெலுக்குக் கிடைத்தது பக்கக் கூடங்களின் அலங்கார வேலை மட்டுமே. பொறுப்பாளர்களைப் பழிக்கவும் மனம் வரவில்லை. பிள்ளைகளும் முதியோரும் நாள்தோறும் ஏறெடுத்துப் பார்க்கவேண்டிய சுவரல்லவா அது!

1896இல் பேராலயம் அபிஷேகம் செய்யப்பட்டது. 1903இல் வ்றூபெல் மனைவியோடும், இரண்டு வயதும் நிரம்பாத ஒரே மகனோடும் கியேவுக்கு வந்தார். அங்கே குழந்தை நோயுற்று இறந்தது. மரித்த மகனருகே தாயை அவர் வரைந்த அதே நகரிலே அடக்கமும் நடந்தது.