சுமையை ஏற்றியவன் யார்?

திருகோணமலைத் துறைமுகம் இயற்கை நமக்கு அளித்த பெருங்கொடை. ஆனால் துறைமுகத்துப் பொருள் துறைமுகத்திலேயே தங்கிவிடுவதில்லை. மா ஆலையிலிருந்தும் சீமெந்து ஆலையிலிருந்தும் புறப்படும் பாரவண்டிகள் கந்தளாய், ஹபரணை வழியாக நாட்டின் பல திசைகளுக்கும் செல்கின்றன. வாடைக்காற்று ஓய்ந்ததும் நீர்கொழும்பு, சிலாபம் பகுதி மீனவர் படகுகளோடு நமது கரைக்கு வருகின்றனர். வாடை தொடங்கும் முன் திரும்புகின்றனர். அறுவடைக் காலத்தில் மூதூர், கிண்ணியா வயல்களிலிருந்து உழவு இயந்திரங்கள் நெல் மூடைகளை இழுத்துச் செல்கின்றன. பிக்கப் வண்டியின் பின்னால், உள்ளூர்ப் பட்டறையில் ஒட்டிய இருசில்லுப் பெட்டியில், படகும் இயந்திரமும் வலையும் ஒன்றாக ஏறிப் போவதையும் காண்கிறோம்.

இவை யாவும் உழைப்பின் அடையாளங்கள். உழைப்பை யாரும் குறைகூற முடியாது. ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. இழுத்துச் செல்லும் சுமை கழன்று பிறர்மேல் பாய்ந்தால் பொறுப்பாளி யார்? சாரதியா? முதலாளியா? பெட்டியை ஒட்டிக் கொடுத்தவரா? அல்லது "அவன் விதி" என்று சொல்லி எல்லோரும் வீட்டுக்குப் போய்விடலாமா?

உரோமாபுரியில் ஒரு வழக்கு

இக்கேள்வி புதியதன்று. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்ஃபேனுஸ் வாருஸ் என்னும் சட்ட அறிஞரிடம் இதே கேள்வி வந்தது. கப்பிதோலியக் குன்றின் ஏற்றத்தில் பாரம் ஏற்றிய இரண்டு வண்டிகளைக் கோவேறு கழுதைகள் இழுத்துச் சென்றன. முன்வண்டியின் பின்புறத்தை வண்டிக்காரர் தாங்கிப் பிடித்தனர். திடீரென அது பின்னோக்கி உருண்டது. இடையில் நின்றவர்கள் விலகிப் பாய்ந்தனர். முன்வண்டி மோதிய வேகத்தில் பின்வண்டியும் உருண்டு, ஓர் அடிமைச் சிறுவனை நசுக்கியது. யார்மேல் வழக்குத் தொடுப்பது என்று சிறுவனின் எசமான் கேட்டான்.

அறிஞர் மூன்று விடைகள் தந்தார். தாங்கி நின்றவர்கள் தாமாகவே கைவிட்டிருந்தால் அவர்களே பொறுப்பு. கழுதைகள் மிரண்டதால் அவர்கள் உயிருக்கு அஞ்சி விலகியிருந்தால் கழுதைகளின் சொந்தக்காரன் பொறுப்பு. கழுதைகள் முயன்றும் பாரம் தாங்காமல் சறுக்கியிருந்தால், இருவர்மேலும் வழக்கில்லை.

இந்தப் பழங்கதை நமக்கு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். 1639இல் திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தவர்கள் ஒல்லாந்தர். உரோமச் சட்டத்தின் வழிவந்த தங்கள் சட்டத்தை அவர்கள் இலங்கைக்குக் கொண்டுவந்தனர். பின்வந்த ஆங்கிலேயரும் 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் அதை நிலைநிறுத்தினர். இன்றும் நம் நாட்டில் கவனயீனத்தால் நேர்ந்த நட்டத்துக்கு ஈடு கேட்கும் வழக்கு அந்த உரோமன்-டச்சுச் சட்டத்தில் வேரூன்றியதே.

மூன்றாவது விடை இன்று செல்லுமா?

அந்த மூன்றாவது விடையை உற்றுநோக்குவோம். கழுதைகள் சறுக்கின, பாரம் தாங்கவில்லை, ஆகவே குற்றம் யாருக்குமில்லை. ஆனால் கழுதைகள் தாங்கமுடியாத பாரத்தை ஏற்றியது யார்? அறிஞர் அதைக் கேட்கவில்லை. மனச்சாட்சி கேட்டே தீரும்.

ஒரு கழுதையின் பலத்தை அந்நாளில் குத்துமதிப்பாகத்தான் அறிய முடிந்தது. இன்று அப்படியல்ல. தனக்கெனப் பிரேக் இல்லாத பெட்டியானால் 750 கிலோவுக்கு மேல் இழுக்கக்கூடாது என்று பல பிக்கப் வண்டிகளின் கைந்நூல்களில் அச்சிடப்பட்டுள்ளது. 50 கிலோ சீமெந்து மூடைகளாக எண்ணினால், பெட்டியின் சொந்த எடையைச் சேர்க்காமலே, பதினைந்து மூடையோடு அந்த அளவு முடிந்துவிடும். இருபதாவது மூடையை ஏற்றுகிறவனுக்கு எண்ணத் தெரியாதா?

பின்புறம் பாரம் கூடினால் கொழுக்கி மேலே இழுபடும். முன்செல்லும் வண்டியின் பின்சில்லுகள் வீதியின் பிடியை இழக்கும். பெட்டி பாம்புபோல் ஆடத் தொடங்கும். வேகம் இரு மடங்கானால் நிறுத்துவதற்குத் தேவையான ஆற்றல் நான்கு மடங்காகும். இவை விதியின் விளையாட்டல்ல. முன்கூட்டியே அறியக்கூடிய உண்மைகள்.

மோயீசனின் சட்டமும் இந்த வேறுபாட்டை அறிந்திருந்தது. ஒருவனுடைய மாடு முதன்முறையாக ஒருவரை முட்டிக் கொன்றால் உரிமையாளன்மேல் குற்றமில்லை. அது முட்டும் மாடு என்று எச்சரிக்கப்பட்ட பின்னும் கட்டிவைக்காதிருந்தால் அவனே பொறுப்பு என்கிறது யாத்திராகமம். அறிவு வந்த இடத்தில் பொறுப்பும் வந்துவிடுகிறது. தேய்ந்த கொழுக்கியை நேற்றே கண்டவனுக்கு இன்று அது "எதிர்பாராத" விபத்தாகாது.

கூலிச் சாரதியின் நியாயம்

"நான் என்ன செய்வேன்? முதலாளி ஏற்றச் சொன்னார். மறுத்தால் நாளைக்கு வேலையில்லை" என்பான் சாரதி. இதை எளிதில் தள்ளிவிடக் கூடாது. பசித்த பிள்ளைகளை வீட்டில் வைத்திருப்பவனின் சுதந்திரம் குறுகியது. சுதந்திரம் குறைய, குற்றமும் குறையும். ஆனால் முற்றாக அற்றுப்போவதில்லை. தன்னால் கழுதைகளை அடக்க முடியாதென்று தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையிலும், அந்தப் பணியை ஏற்றவன் குற்றவாளியே என்று உரோமச் சட்டமே வேறோரிடத்தில் கூறுகிறது.

அவனுடைய குற்றம் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவும் அவனை நெருக்கியவரின் கணக்கில் ஏறுகிறது. வேலையின்போது பணியாள் இழைத்த தவறுக்கு எசமானும் ஈடுசெய்ய வேண்டும் என்பது நம் நீதிமன்றங்கள் ஏற்ற விதி. ஒரு நடை மிச்சம் பிடிப்பதற்காக இரு நடைப் பாரத்தை ஏற்றச் சொன்னவர், "நான் வாகனத்தில் இருக்கவில்லையே" என்று தப்ப முடியாது.

2024 நவம்பர் 26ஆம் திகதி அம்பாறை மாவட்டத்து மாவடிப்பள்ளியில், வெள்ளம் பாய்ந்த வீதியைக் கடக்க முயன்ற உழவு இயந்திரம் பெட்டியோடு அடித்துச் செல்லப்பட்டது. வீடு திரும்பிக்கொண்டிருந்த மாணவர்களும் பிறரும் உயிரிழந்தனர். யார் குற்றவாளி என்று தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை. நெல்லுக்கென்று செய்த பெட்டியில் நாமும் கோயில் திருநாளுக்கும் கலியாண வீட்டுக்கும் பிள்ளைகளை ஏற்றுகிறோமே, அதைச் சிந்திப்பது நம் வேலை.

காப்புறுதி கட்டியாயிற்றே!

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் ஆளுக்கான காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. இது நல்ல சட்டம். ஏழை விதவையொருத்தி வெறுங்கையோடு நிற்காதிருக்க உதவுகிறது. ஆனால் அது பணத்துக்குப் பிணை, மனச்சாட்சிக்குப் பிணையல்ல.

அறநெறி இறையியல் இருவகைக் குற்றங்களைப் பிரித்துக் காட்டும். ஒன்று சட்டத்தின் முன் குற்றம். மற்றது கடவுள் முன் குற்றம். தீங்கை முன்னறியாது நேர்ந்த பிழைக்கு நீதிமன்றம் ஈடு விதித்தால் கீழ்ப்படிய வேண்டும், ஆன்மா மாசுபட்டதாகாது. தீங்கு நேரலாம் என்று அறிந்தும் துணிந்தவனோ, சாட்சியில்லாமல் வழக்குத் தள்ளுபடியானாலும், ஈடுசெய்யக் கடமைப்பட்டவன். காப்புறுதி நிறுவனம் அந்த ஈட்டைச் செலுத்தலாம். அந்தத் துணிச்சலுக்காக மனம் வருந்த அதனால் முடியாது. போன காலையும் போன உயிரையும் எந்தக் காசோலை திருப்பித் தரும்?

ஆகவே பொறுப்பு விபத்து நடந்த இடத்தில் தொடங்குவதில்லை. கொழுக்கியை மாட்டும் இடத்தில் தொடங்குகிறது. எடையை எண்ணிப் பார்ப்பது, ஆணியையும் காவற்சங்கிலியையும் சோதிப்பது, பெட்டியின் பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று ஒருமுறை நடந்துபோய்ப் பார்ப்பது - இவற்றுக்குப் பத்து நிமிடம் போதும். இருட்டில் விளக்கில்லாத பெட்டியின் பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிற இளைஞனை நாம் அறியோம். அவனுக்காகச் செலவிடும் அந்தப் பத்து நிமிடமும் அயலான் அன்புதான். முகம் தெரியாதவனுக்குச் செய்வதால் அதற்கு நன்றியும் கிடையாது. ஆதலால் அதன் மதிப்பு இன்னும் பெரிது.