அரசர் சார்பும் அடிமைத் திறமும்

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பது சித்தாந்தத் துணிபு. அற்றேல், அரசரை அடுத்து வாழ்வார் செருக்கும் அச்சமும் உடையராதல் ஒருதலையன்றோ? அவர்க்குச் சிவனடிமைத் திறம் எங்ஙனம் கூடும் எனின், கூறுதும்.

சிறுத்தொண்டர் எனப் பின்னர்ப் பெயர் பெற்ற பரஞ்சோதியார், பல்லவ மன்னன் பொருட்டுப் படை நடத்தி வாதாபியை வென்று மீண்டார். அது முதலாம் நரசிங்கவர்மன் 642-ஆம் ஆண்டிற் பெற்ற வெற்றியே என்பர் ஆராய்ச்சியாளர். அவர்தம் தொண்டின் பெருமையை மன்னன் அமைச்சர் சொல்லவே அறிந்தான். அடியாரைப் போர்முகத்து விடுத்தேனே என்று நடுங்கிப் பிழை பொறுக்க வேண்டினான். அவரோ தமக்குரிய கடமையையே செய்ததாகக் கருதினர். அடிமையைக் காட்டி அரசன்பால் ஒன்றும் வேண்டிற்றிலர்.

சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்க சோழனுக்கு (1133–1150) அமைச்சராயினார். மன்னன் சிந்தாமணிச் சுவையில் ஆழ்ந்திருந்தபோது, அவன் உவப்பிற்கு இசைந்து வாளாவிராது, அடியார் வரலாறே இருமைக்கும் உறுதி பயப்பதென்று எடுத்துரைத்தார் என்பது அவர் புராணம் கூறுஞ் செய்தி.

இவ்விருவரும் அரசரை அடுத்திருந்தனர், சார்ந்திருந்ததோ சிவனை. அடுத்தல் வேறு, சார்தல் வேறு. ஆதலின் அரண்மனையின் வண்ணம் அவர்பால் ஏறிற்றிலது.

முடியரசர் மறைந்த இந்நாளிலும் பதவியுஞ் செல்வமும் உடையாரை அடுத்து வாழ்வோம் நாம். அவர் முன்னிலையில் மெய்யுரைக்க நா எழாதாயின், யாம் சார்ந்தது யாரை என்று நெஞ்சை வினவுதல் அன்பர் கடன்.